தானாக எழுந்துவிடும் என்று சொன்னவள்

ஆவடி குவார்ட்டர்ஸில் அருள்செல்வியைப் பெயர் சொல்லிக் கேட்டால் யோசிப்பார்கள். எட்மண்ட் பெண், கம்ப்யூட்டரில் வேலை செய்கிறதே என்று கேட்டால் வீடு வரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அந்த மரியாதை இருந்தது. கம்ப்யூட்டரில் வேலை என்றால் என்ன செய்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே மரியாதை கூடிக்கொண்டு போனது.

எட்மண்ட் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். ரேஷன் வரிசையில் நின்றாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றாலும் சரி, பேச்சு எப்படியாவது மகளிடம் வந்து சேரும். கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதாம், அதை வைத்திருப்பவர்களும் தப்புப் பண்ணக் கூடாதாம், அதனால்தான் செல்வியை வைத்திருக்கிறார்களாம். அருள்செல்வி பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்துவைப்பாள். மறுத்துப் பேசியதில்லை. இப்படிப்பட்ட பேச்சை மறுப்பதற்குத் தனி மனசு வேண்டும், நம்மில் எத்தனை பேருக்கு அது உண்டு?

அவள் கணக்கில் பட்டம் வாங்கி, அண்ணாநகரில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்தவள். தினமும் ஆவடியில் மின்சார ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நடந்துபோவாள். அவள் வேலை பார்த்தது லாரிகளுக்கு ஸ்பிரிங் செய்கிற கம்பெனி. அங்கே ஏசி போட்ட அறைகள் இரண்டுதான். ஒன்று முதலாளியுடையது, இன்னொன்று மெஷினுடையது. மெஷின் அறைக்குள் நுழைய முதலாளியே செருப்பைக் கழற்ற வேண்டும், தூசி ஆகாது என்று. அந்த ஒரு மெஷினிலிருந்து ஸ்டோருக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் சரக்கு அனுப்புகிற டெஸ்பாட்சுக்கும் ஒயர் போகும். ஒயரின் முனையில் திரையும் கீபோர்டுமாக ஆளுக்கொரு டெர்மினல் இருக்கும்.

அந்த அறையைக் கூட்டிப் பெருக்கியவள் குப்பம்மா. நாற்பதைத் தாண்டியவள். அத்திப்பட்டில் வீடு. புருஷன் போய்விட்டான், மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவளிடம் பேர்சொல்ல இருந்த சொத்து அவள் தலைமுடி. கொண்டை போட்டால் தலையைவிடக் கொண்டை பெரிதாகத் தெரியும். ஆபீஸ் பெண்கள் என்ன எண்ணெய் தேய்க்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எண்ணெய் வாங்க ஏது வழி, பொறந்ததிலிருந்தே இப்படித்தான் கீது என்று சொல்லிவிட்டுக் கொண்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வாள். மற்ற நேரத்தில் தலைநிமிர்ந்து பேசாதவள் அந்த ஒரு நேரத்தில் மட்டும் ராணி மாதிரி இருப்பாள்.

இனி அந்த மெஷின் சங்கதி. டெஸ்பாட்சில் புதிதாக ஒரு பிரிண்டர் வந்தது. லாரி கிளம்புவதற்கு முன் சரக்கு விவரம் எழுதிய செலான் அடித்துக் கொடுக்க வேண்டும், அதற்காக வந்த பிரிண்டர். அது வேலை செய்ய மெஷினுக்குள் ஒரு புரோகிராம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். டெஸ்பாட்சில் தட்டுகிற செலானை வாங்கி, வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்கு அனுப்புவது அதன் வேலை. கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்கும் பந்திக்கும் நடுவே ஓடுகிற ஆள் மாதிரி. அவன் ஓடுகிறவரை அவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் நின்றால் இலையில் சோறு விழாது.

மெஷினை அணைத்துப் போட்டால் இந்தப் புரோகிராம் தானாக ஓடாது. மெஷின் கண் விழித்ததும் என்னென்ன வேலையை வரிசையாகத் தொடங்க வேண்டும் என்று அதற்குள்ளேயே ஒரு ஃபைல் இருக்கும். அதில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு ஒருமுறை மெஷினை அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம். புரோகிராம் எழுதிக் கொடுத்த ஆள் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றைக்கு டெஸ்பாட்சில் லாரிகள் நின்றன. டெஸ்பாட்ச் பொறுப்பாளர் பரந்தாமன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்போடு நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அருள்செல்வி கையாலேயே கட்டளையைத் தட்டிப் புரோகிராமை ஓடவிட்டாள். செலான் வந்தது. அந்த ஒரு வரியைச் சாயங்காலம் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்தாள்.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. சாயங்காலம் நாளையானது, நாளை அப்புறமானது. மேனேஜர் இராமகிருஷ்ணன் ஒருநாள் கேட்டார், கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் என்ன ஆகும் என்று. "தானா எழுந்துடும் சார்" என்றாள். சொன்ன வேகத்தில் அவளுக்கே அது உண்மை போல இருந்தது. பொய்யாகவும் ஆகவில்லை, ஏனென்றால் மெஷின் அணையவே இல்லை. கரண்ட் போனால் பேட்டரி தாங்கும், பேட்டரி தீருவதற்குள் ஜெனரேட்டர் வந்துவிடும். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அதற்கு ஓய்வு.

ஆயுத பூஜையைச் சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அன்றைக்குப் பொட்டு வாங்காத இரும்பு கிடையாது. பிரஸ், லேத், டிரில்லிங் மெஷின், மேனேஜரின் ஸ்கூட்டர், கேண்டீன் மாவு கிரைண்டர் வரை எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வாங்கும். பொட்டு வைத்த மெஷினைப் பூஜை முடிந்து லீவு கழியும் வரை ஓட்டக் கூடாது என்பது கட்டாயம். அருள்செல்வி வேறு மார்க்கம்தான், ஆனாலும் இதில் அவளுக்கு எந்தக் கோபமும் கிடையாது. பொரியும் சுண்டலும் முதலில் அவள் மேஜைக்குத்தான் வரும். தன் கையால் பொட்டு வைக்க மட்டும் கூச்சப்படுவாள். அந்த வருஷமும் மெஷினை முறைப்படி அணைத்துவிட்டு, கதவருகே ஈரத்துணியோடு நின்ற குப்பம்மாவை உள்ளே கூப்பிட்டாள். "நல்லாத் தொடச்சு நீங்களே பொட்டு வச்சிடுங்க குப்பம்மாக்கா" என்றாள். குப்பம்மா துணியை இன்னொருமுறை வெளியே போய்ப் பிழிந்துகொண்டு வந்தாள். பெரிய கோயில் கருவறைக்குள் விட்டதுபோல மூச்சடக்கிக்கொண்டு துடைத்து, மெஷின் நெற்றியில் வட்டமாகச் சந்தனம் வைத்து, அதன் நடுவே குங்குமம் வைத்தாள். தள்ளி நின்று பார்த்து அவளே சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

லீவு முடிந்து வெள்ளிக்கிழமை காலை மெஷினைப் போட்டார்கள். திரை வந்தது, ஸ்டோர் டெர்மினல் வந்தது, அக்கவுண்ட்ஸ் வந்தது. டெஸ்பாட்சில் மட்டும் செலான் வரவில்லை. ஓசூருக்குப் போக வேண்டிய லோடு கட்டி நின்றது. அருள்செல்வி ஓடினாள். பிரிண்டரில் விளக்கு எரிந்தது, காகிதம் சரியாக இருந்தது. ஒயரைப் பிடுங்கி மாட்டினாள், வேறு ஒயர் போட்டுப் பார்த்தாள். மெஷினிலிருந்து சோதனைக்காக நேராக ஒரு வார்த்தையை அனுப்பினாள். பிரிண்டர் கடகடவென்று அடித்தது. ஆக, பிரிண்டரில் குற்றமில்லை, ஒயரிலும் இல்லை. இடையில் ஏதோ நிற்கிறது என்பது வரைக்கும் அவளுக்குப் புரிந்தது.

அதற்குள் கதவுக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. பரந்தாமன் மெஷினையே உற்றுப் பார்த்தார். சந்தனம் காய்ந்து, காற்றுப் போகிற துவாரத்தின் ஓரத்தில் ஒரு கோடு வழிந்திருந்தது. கொலைகாரனின் காலடித் தடம் கிடைத்த போலீஸ்காரரைப் போல அவர் முகம் மலர்ந்தது. தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்று தீர்ப்பு வாசித்தார். துடைத்தது யார் என்று மேனேஜர் கேட்டார். யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குப்பம்மா துடைப்பத்தோடு கூட்டத்தின் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் சார். நல்லாப் புழிஞ்சிகினுதான் தொடச்சேன். அப்பவும் ஒரு சொட்டு போய்ட்டிருக்குமோ இன்னாமோ" என்றாள்.

துடைக்கச் சொன்னது நான்தான் என்று அருள்செல்வி அப்போதே சொல்லியிருக்கலாம். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லட்சக்கணக்கான ரூபாய் மெஷினை ஈரத்துணியால் நாசம் பண்ணிவிட்டாளே என்று பரந்தாமன் எல்லார் எதிரிலும் ஒரு மூச்சுத் திட்டினார். கூட்டுகிற ஆட்களைக் கம்பெனிக்கு அனுப்புகிற காண்டிராக்டர் வீராசாமியை மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். இந்தம்மாவை இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று அங்கேயே முடிவாயிற்று. குப்பம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மெஷினைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் அருள்செல்வி மெஷினுக்குள் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் எடுத்தாள். செலான் புரோகிராம் அதில் இல்லை. செத்துப்போயிருந்தால் தடயம் இருக்கும். அதுவும் இல்லை. அது பிறக்கவே இல்லை. கை தானாகப் போய் அந்தத் தொடக்க ஃபைலைத் திறந்தது. கடைசி வரி வரைக்கும் இறங்கிப் பார்த்தாள். அவள் சேர்க்க வேண்டிய வரி அங்கே இல்லை. சாயங்காலம் என்று வைத்த அந்த வேலை இத்தனை மாதமும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கட்டளையைக் கையால் தட்டினாள். அடுத்த நிமிஷம் டெஸ்பாட்சில் பிரிண்டர் அடிக்கிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. பரந்தாமன் அங்கிருந்தே கை தட்டினார். மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "என்னம்மா, தண்ணி காஞ்சிடுச்சா?" என்று கேட்டார்.

அருள்செல்வி ஆமென்று தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். வாயைத் திறந்து அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதைப் பிற்பாடு பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், ஒருமுறைகூட ஆறுதலாக இருந்ததில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று மேனேஜர் அவள் சாமர்த்தியத்தைப் பாராட்டிவிட்டுப் போனார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

மத்தியானம் கணக்குத் தீர்த்துக்கொண்டு போகும்போது குப்பம்மா கதவருகே வந்து நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. "மெஷினு நெசமாவே பொழச்சிக்கிச்சா செல்விம்மா?" என்றாள். பிழைத்துவிட்டது என்று இவள் சொன்னதும், "அது போதும்மா, நான் பயந்துட்டேன்" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு போனாள். அவள் திட்டியிருந்தால் அருள்செல்விக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அவமானம் அவளுக்குள் இறங்கி உட்கார்ந்தது அந்த நேரத்தில்தான்.

அன்று சாயங்காலமே அந்த வரியைச் சேர்த்தாள். மறுநாள் சனிக்கிழமை, ஆபீஸ் இருந்தது. மேனேஜர் அறை வரைக்கும் போனாள். ஆட்கள் இருந்தார்கள், திரும்பிவிட்டாள். மறுபடி போனாள். அவர் மட்டும் இருந்தார், பிரிண்டருக்கு ரிப்பன் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். சாயங்காலம் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சாமியார் கேட்டுவிட்டு, என்னிடம் சொன்னது சரி, அந்தம்மாவிடம் சொன்னாயா என்றார். சொல்லுகிறேன் என்றாள். சாமியாருக்கு என்ன தெரியும், அது அந்த ஒரு வரியைச் சேர்க்கிறேன் என்று சொன்ன அதே வாய் என்று. அபராதமாகக் கொடுத்த செபத்தைச் சொல்லிவிட்டு, மனம் லேசானதுபோல வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் அப்பா யாரிடமோ, பூஜைக்குப் பிறகு எழுந்திருக்காத மெஷினைச் செல்வி எழுப்பிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அத்திப்பட்டு என்ன கடல் கடந்தா இருக்கிறது? ரயிலேறினால் போய்விடலாம். போகவில்லை.

திங்கட்கிழமை மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். ஒன்று விடாமல் சொன்னாள். தலையாட்டியதையும் சொன்னாள். இராமகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, அந்தம்மாவை நாளையிலிருந்து வரச் சொல்லிவிடலாம் என்றார். காரணத்தை மட்டும் வெளியே சொல்ல வேண்டாம், கம்ப்யூட்டர் மேல் ஆட்களுக்கு நம்பிக்கை போய்விடும் என்றார். குப்பம்மாவின் பேரில் நம்பிக்கை போனால் போகட்டும் போலிருக்கிறது. வீராசாமி அத்திப்பட்டுக்குப் போய், சார் மனசிரங்கி இந்த ஒரு தடவை மன்னித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அருள்செல்வி வரும்போது குப்பம்மா வராந்தாவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். முந்தானையைத் தலையில் முக்காடு போட்டிருந்தாள். குனிந்து நிமிர்ந்ததில் முக்காடு நழுவியது. மொட்டைத் தலை. மஞ்சளும் சந்தனமும் பூசிய தலை. அந்தக் கொண்டை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

அருள்செல்வி கேட்பதற்கு முன் அவளே சொன்னாள். வெள்ளிக்கிழமை கண்ணாடிக்கு வெளியே நின்று வேண்டிக்கொண்டாளாம். மெஷின் பிழைத்துவிட்டால் முடியைக் கொடுக்கிறேன் என்று திருவேற்காட்டு ஆத்தாளிடம் சொன்னாளாம். சொல்லி முடிப்பதற்குள் டெஸ்பாட்சில் பிரிண்டர் சத்தம் கேட்டதாம். ஞாயிற்றுக்கிழமை போய் இறக்கிவிட்டு வந்தாளாம். "பாரு, வேலயும் திரும்பக் குட்த்துட்டா" என்றாள்.

அருள்செல்வி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே, வராந்தாவிலேயே சொன்னாள். தண்ணீர் போகவே இல்லை, என் தப்பு, வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும் என்று சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் அழுகையை யார் கணக்கில் சேர்ப்பது? குப்பம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அப்ப எம் முடி எதுக்குப் போச்சு?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். முக்காட்டுக்கு மேலேயே தலையைத் தடவிக்கொண்டு குப்பம்மாவே தொடர்ந்தாள். "சரி வுடு. என்னாண்ட மட்டும் சொன்னா எப்டி செல்விம்மா? எல்லார் எதுருலயும்தானே நான் மெஷின நாசம் பண்ணிட்டேன்னாங்கோ. அவங்களாண்ட சொல்லு."

மேனேஜர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆனாலும் அன்று டீ நேரத்தில் அருள்செல்வி டெஸ்பாட்சுக்குப் போனாள். பரந்தாமன் இருந்தார், லோடு ஆட்கள் இருந்தார்கள், ஸ்டோரிலிருந்தும் நாலு பேர் வந்திருந்தார்கள். குப்பம்மா டம்ளர் எடுத்துக்கொண்டிருந்தாள். அருள்செல்வி நடுவில் நின்று, மெஷின் ஓடாததற்குக் குப்பம்மா காரணம் இல்லை, நான் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதுதான் காரணம் என்று சத்தமாகச் சொன்னாள். தொடக்க ஃபைல், ஒரு வரி என்று விளக்கவும் செய்தாள். எல்லாரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

பரந்தாமன் எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களாப்பா, எவ்ளோ பெரிய மனசு. ஒரு ஏழைப் பொம்பளைக்காகப் பழியத் தம்மேல போட்டுக்குது பாரு. தங்கமான பொண்ணுமா நீ" என்றார்.

இல்லை சார், நிஜமாகவே என் தப்புதான் என்று அருள்செல்வி மன்றாடினாள். மன்றாட மன்றாட அவள் உயர்ந்துகொண்டே போனாள். கம்ப்யூட்டராவது, அதை வைத்திருக்கிற எட்மண்ட் பெண்ணாவது, தப்புப் பண்ணுவதாவது? ஈரத்துணியை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள், அந்த ஒரு வரியை யார் பார்த்தார்கள்? லோடு ஆள் ஒருவன் குப்பம்மாவைப் பார்த்து, அந்தம்மா காலில் விழுந்து கும்பிட்டுக்கோ என்றான். குப்பம்மா அருள்செல்வியை ஒரே ஒருமுறை பார்த்தாள். பிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

அருள்செல்வி அந்தக் கம்பெனியில் இன்னும் பல வருஷம் இருந்தாள். மெஷின்கள் மாறின, சம்பளம் கூடியது, கல்யாணமாகிப் பட்டாபிராமுக்குக் குடிபோனாள். யாராவது பாராட்டினால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். எந்த வேலையைச் செய்தாலும் மெஷினை அணைத்துப் போட்டுப் பார்க்காமல் முடிந்தது என்று சொல்லமாட்டாள். தானா எழுந்துடும் என்ற சொல் அவள் வாயிலிருந்து பிறகு வரவே இல்லை.

அதெல்லாம் பிற்பாடு. அடுத்த வருஷ ஆயுத பூஜை வந்தபோது குப்பம்மாவின் முடி கழுத்து வரை வளர்ந்திருந்தது. கொண்டைக்குப் போதாது. அருள்செல்வி மெஷினை அணைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு கதவைத் திறந்தாள். குப்பம்மா துடைப்பத்தோடு வெளியே நின்றிருந்தாள். போன வருஷம் போல நீங்களே வந்து பொட்டு வையுங்கள் என்று அருள்செல்வி கூப்பிட்டாள். இரண்டு முறை கூப்பிட்டாள்.

"நீயே வையி செல்விம்மா" என்றாள் குப்பம்மா. "எதுனா ஆனா, உன்னை யாரும் இன்னானு கேக்கமாட்டாங்கோ."

சொல்லிவிட்டு வராந்தாவைக் கூட்டப் போனாள். அருள்செல்வி உள்ளே வந்து காய்ந்த துணியால் மெஷினைத் துடைத்துவிட்டு, தன் கையால் பொட்டு வைத்தாள்.